சீர்திருத்தத்தின் செலவைக் கட்டியவர்கள்

சோவியத் ஒன்றியமும் அதன் அணி நாடுகளும் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய காலத்தைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். சோஷலிசத்தின் கீழ் வாழ்ந்த மக்கள் அரசை ஏய்த்துப் பிழைக்கப் பழகியிருந்தார்கள். ஆட்சி மாறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரசீது இல்லாமல் விற்றார்கள், கணக்கில் காட்டாமல் சம்பாதித்தார்கள், வரி கட்டவில்லை. அதனால் கருவூலம் வறண்டது, சம்பளமும் ஓய்வூதியமும் நின்றன, சீர்திருத்தம் தடுமாறியது. சொத்துரிமையும் நீதிமன்றமும் வரி நிர்வாகமும் ஒழுங்குக்கு வந்துவிட்டால் இந்த 'நிழல் பொருளாதாரம்' தானாக மறைந்துவிடும்.

இந்தக் கதையை நான் மறுக்கிறேன். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் கிர்கிஸ்தானிலும் 1990களில் நடைபாதையிலும் கன்டெய்னர் சந்தையிலும் உருளைக்கிழங்குத் தோட்டத்திலும் நடந்த வாழ்க்கை சீர்திருத்தத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. சீர்திருத்தத்தின் இழப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது அதுதான். அரசு சம்பளத்தை நிறுத்திய மாதங்களில் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அது. அந்தச் சோற்றைத் தேடிக்கொண்டவர்களையே நெருக்கடிக்குக் காரணமானவர்களாக்கிய கதை முப்பது ஆண்டுகளாக உலவுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

பழக்கம் என்ற வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சோவியத் காலத்தில் திட்டத்துக்கு வெளியே ஒரு பெரிய பொருளாதாரம் இயங்கியது. கிரிகரி கிராஸ்மன் 1977இல் அதை 'இரண்டாம் பொருளாதாரம்' என்று அழைத்து எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பயிரிட்ட நிலத்தில் 3 விழுக்காடு அளவே இருந்த வீட்டுத் தோட்டங்கள் விவசாய உற்பத்தியில் ஏறத்தாழ கால்வாசியைத் தந்தன. தெரிந்தவரைப் பிடித்துக் காரியம் முடித்துக்கொள்ளும் வழக்கத்தை ரஷ்யர்கள் 'பிளாட்' என்பார்கள். நல்ல இறைச்சி, மருத்துவமனையில் ஒரு கட்டில், குழந்தைக்குக் குளிர்காலச் சப்பாத்து எல்லாம் அந்த வழியில் கிடைத்தன.

ஆனால் அந்தப் பொருளாதாரம் எதற்காக இருந்தது? பிரெஷ்னேவ் காலத்தில் மக்கள் கையில் ரூபிள் இருந்தது, கடையில் சரக்கு இல்லை. பணத்தால் வாங்க முடியாததை ஆள் பிடித்து வாங்க வேண்டியிருந்தது. 1992க்குப் பிறகு கடையில் சரக்கு நிறைந்தது, கையில் ரூபிள் இல்லை. இப்போது தட்டுப்பாடு பணத்துக்கு. பிளாட் பற்றி 1998இல் நூல் எழுதிய அலெனா லெதெனேவாவே இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார். நோயே வேறு என்கிறபோது பழைய நோயின் எச்சம் என்று மருந்துச் சீட்டு எழுதுவது எப்படிச் சரியாகும்?

சந்தையில் நின்ற ஆட்களும் வேறு. சோவியத் காலத்தில் கள்ளச் சரக்கு விற்றவர்கள் ஒரு சிறு கூட்டம். வாங்கி விற்று லாபம் பார்ப்பதை 1960ஆம் ஆண்டு ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 154ஆம் பிரிவு குற்றம் என்றது. அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. 1990களில் பை தூக்கிக்கொண்டு வந்தவர்களோ பள்ளி ஆசிரியைகள், பொறியாளர்கள், ஆய்வுக்கூட ஊழியர்கள், செவிலியர்கள். வாங்கி விற்பது இழிவு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை அது. தன்னிடம் படித்த மாணவன் சந்தையில் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று வேறு ஊருக்குப் போய் விற்ற ஆசிரியைகள் உண்டு. அவர்களுக்கு இது பழக்கமாக இருந்திருந்தால் இத்தனை கூச்சம் எதற்கு?

1992 ஜனவரி 2 அன்று, ரஷ்யாவின் பொருளாதாரச் சீர்திருத்தத்தை வழிநடத்திய யெகோர் கெய்தாரின் குழு பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கானது. அரசுச் சேமிப்பு வங்கியில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணம் சில மாதங்களில் ஒன்றுமில்லாமல் போனது. முதியவர்கள் தங்கள் சாவுச் செலவுக்கென்று எடுத்து வைத்திருந்த பணமும் அதில் அடக்கம். ஜனவரி 29 அன்று 'வணிகச் சுதந்திரம்' பற்றிய அதிபர் ஆணையில் யெல்ட்சின் கையெழுத்திட்டார். யாரும் தனி அனுமதி இல்லாமல் தெருவில் விற்கலாம். மாஸ்கோவின் மையத்தில், லுபியான்கா சதுக்கத்தை அடுத்த 'குழந்தைகள் உலகம்' அங்காடியைச் சுற்றி, ஆயிரக்கணக்கானோர் வரிசை கட்டி நின்றார்கள். கையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, ஒரு டப்பா மீன், ஒரு புட்டி வோட்கா, இறந்துபோன கணவரின் மேலங்கி. செய்தித்தாளில் வந்த ஆணையைக் கத்தரித்துச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றவர்களைப் பற்றிக் கெய்தாரே தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எழுபது ஆண்டு கம்யூனிசத்துக்குப் பிறகும் தொழில்முனைவு உணர்வு சாகவில்லை என்பதற்கான சான்றாக அது அவருக்குத் தெரிந்தது.

எனக்கு அப்படித் தெரியவில்லை. வீட்டில் இருந்ததை எடுத்து வந்து தெருவில் நின்று விற்பவர் முதலீடு செய்யவில்லை, முதலை விற்கிறார். அடுத்த வாரம் விற்க அவரிடம் என்ன இருக்கும் என்று அந்த ஆட்சியாளர்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிறகு, அந்த மக்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்தபோது அந்த வழிகளுக்கு நிழல் என்று பெயரிட்டார்கள்.

அந்த வழிகளில் பெரியது பை வணிகம். செல்னோக்கி என்று ரஷ்யாவில் அழைக்கப்பட்ட இவர்களை நாம் எளிதில் புரிந்துகொள்வோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறந்த 'குருவி'களின் வேலைதான். ஆனால் அளவு வேறு. போலந்துக்கு ரயிலில், சீனாவுக்குப் பேருந்தில், இஸ்தான்புல்லுக்குக் கப்பலிலும் விமானத்திலும் லட்சக்கணக்கானோர் போய்த் தோல் மேலாடையும் ஜீன்ஸும் பின்னலாடையும் கட்டித் தூக்கி வந்தார்கள். இவர்களில் பெரும்பகுதி பெண்கள். இஸ்தான்புல்லின் லலேலிப் பகுதியில் கடைப் பையன்கள் ரஷ்ய மொழி கற்றுக்கொண்டார்கள், பலகைகள் ரஷ்ய எழுத்தில் எழுதப்பட்டன. துருக்கியின் மத்திய வங்கி 1996இல் இந்தப் பை வணிகத்தை முதல்முறையாக நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் சேர்த்தபோது அதன் மதிப்பு 880 கோடி டாலர். அதே ஆண்டு துருக்கியின் பதிவான ஏற்றுமதி 2,300 கோடி டாலர் அளவில்தான் இருந்தது. அந்தப் பெண்கள் தோளில் தூக்கியது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வணிகத்தில் பெரும்பகுதி சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஓர் ஆள் வரியில்லாமல் எவ்வளவு கொண்டுவரலாம் என்று ரஷ்ய அரசே வரம்பு வைத்திருந்தது. 1996இல் அதை 1,000 டாலர் மதிப்பு, 50 கிலோ எடை என்று குறைத்தார்கள். அரசு இந்தக் கதவைத் திறந்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. உள்நாட்டு ஆடைத் தொழில் விழுந்து கிடந்தது. நாட்டுக்குச் சட்டை துணிமணி வேண்டும். வேலை இழந்தவர்களுக்குக் கொடுக்க அரசிடம் ஒன்றும் இல்லை. பை வணிகம் இரண்டையும் ஒரு செலவும் இல்லாமல் தீர்த்து வைத்தது. இடுப்பு ஒடிந்த பெண்களின் மருத்துவச் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்து, சம்பளம். இந்த விவாதத்தின் உயிர்நாடி இங்கேதான் துடிக்கிறது என்று நினைக்கிறேன். 1990களின் நடுவிலிருந்து ரஷ்யத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. வேலைக்குப் போனார்கள், வேலை செய்தார்கள், பணம் வரவில்லை. 1998 மே மாதத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சைபீரிய ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கோடையில் மாஸ்கோவில் அரசு மாளிகைக்கு எதிரே உள்ள பாலத்தில் முகாமிட்டு, தலைக்கவசத்தைத் தரையில் அடித்து அடித்துச் சம்பளம் கேட்டார்கள். பல ஆலைகள் பணத்துக்குப் பதில் தாம் செய்த பொருளையே கூலியாகக் கொடுத்தன. பளிங்குக் கண்ணாடிக்குப் பேர்போன குஸ்-ஹ்ருஸ்டால்னி ஊரில் தொழிலாளர்கள் கோப்பைகளையும் பூச்சாடிகளையும் நெடுஞ்சாலை ஓரத்தில் அடுக்கி வைத்துப் போகிற வருகிற வண்டிகளுக்கு விற்றார்கள்.

அந்தச் சாலையோர விற்பனையை நிபுணர்கள் நிழல் பொருளாதாரத்தில் சேர்த்தார்கள். ரசீது இல்லை, வரி இல்லை. ஆனால் அந்தத் தொழிலாளிக்கு ஆறு மாதச் சம்பளம் தராத ஆலை பதிவுபெற்ற நிறுவனம், முறைசார்ந்த பொருளாதாரம். ஒப்பந்தத்தை மீறியது யார்? சட்டத்தை உடைத்தது யார்? கூலி மறுக்கப்பட்டவரின் கோப்பையை ஒழுங்கின்மை என்று எழுதி, கூலி மறுத்தவரை ஒழுங்கின் பக்கத்தில் வைக்கும் ஒரு கணக்குமுறையை நான் நடுநிலையான அறிவியல் என்று ஏற்க மாட்டேன்.

சம்பளம் ஏன் நின்றது? சிறு வியாபாரிகள் வரி கட்டாததால் என்கிறது பிரபலமான கதை. நடந்ததைப் பார்ப்போம். பணவீக்கத்தை அடக்குவதற்காக அரசு பணப்புழக்கத்தை இறுக்கியது. வரவுசெலவுப் பற்றாக்குறையைத் தாளில் குறைத்துக் காட்ட, தான் வாங்கிய சரக்குக்கே பணம் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. அரசிடம் பணம் வராத ஆலை மின்சாரக் கட்டணம் கட்டவில்லை. மின் நிறுவனம் நிலக்கரிக்குப் பணம் தரவில்லை. சுரங்கம் தொழிலாளிக்குத் தரவில்லை. 1992இல் ஆலைகளின் விற்பனையில் 5 விழுக்காடு அளவில் இருந்த பண்டமாற்று 1998இல் பாதியை எட்டியது. வரியைக்கூடப் பொருளாகவும் பரஸ்பரக் கடன் கழிப்பாகவும் அரசு வாங்கிக்கொண்டது. நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களும் மாகாண அரசுகளும் கருவூலமும் இந்தச் சங்கிலியில் கோக்கப்பட்டிருந்தன. பணமில்லாத, முறைசாராப் பொருளாதாரத்தின் உச்சி அங்கே இருந்தது, சந்தைக் கூடாரத்தில் இல்லை. 1996 அக்டோபரில் வரி வசூலுக்காக அமைக்கப்பட்ட அவசர ஆணையம் துரத்தியதும் பெரிய எண்ணெய் நிறுவனங்களையும் வாகன ஆலைகளையும்தான். பாக்கி எங்கே குவிந்திருக்கிறது என்பது அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சட்டத்தின் முத்திரையோடு என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1995 நவம்பரில், அரசுக்குக் கடன் கொடுத்துப் பங்குகளை அடகு வாங்கும் ஏலத்தில், உலகின் மிகப் பெரிய நிக்கல் உற்பத்தி நிறுவனங்களில் ஒன்றான நோரில்ஸ்க் நிக்கலின் 38 விழுக்காடு 17 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தை நடத்திய ஒனெக்சிம் வங்கியின் தரப்பே அதை எடுத்தது. இரு மடங்குக்கு மேல், 35.5 கோடி டாலர், கேட்ட போட்டி வங்கியின் விண்ணப்பம் தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தள்ளப்பட்டது. அடுத்த மாதம் சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் 51 விழுக்காடு 10 கோடி டாலருக்குப் போனது. 2005இல் காஸ்ப்ரோம் அந்த நிறுவனத்தின் முக்கால்வாசியைத் திரும்ப வாங்க 1,300 கோடி டாலர் கொடுத்தது. இடையில் எண்ணெய் விலை ஏறியது உண்மை. அதைக் கழித்த பிறகும் நடந்தது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதில் ஒரு காகிதமும் நிழலில் இல்லை. எல்லாவற்றிலும் கையெழுத்து உண்டு, முத்திரை உண்டு. காலுறை விற்றவரின் வரி ஏய்ப்பைப் பற்றி எத்தனை ஆய்வரங்குகள்!

அளவீட்டுக்கு வருகிறேன். 'ரஷ்யாவில் நிழல் பொருளாதாரம் 40 விழுக்காடு' என்பது போன்ற எண்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இந்த எண்களில் பலவும் 1990களின் நடுவில் டேனியல் காஃப்மனும் அலெக்சாண்டர் கலிபெர்தாவும் கையாண்ட மின்சார முறையிலிருந்து வந்தவை. உற்பத்தி கூடினால் மின் நுகர்வு கூடும், குறைந்தால் குறையும் என்பது அதன் அடித்தளம். அரசுக் கணக்கில் உற்பத்தி 40 விழுக்காடு விழுந்து, மின் நுகர்வு 25 விழுக்காடுதான் விழுந்தது என்றால், நடுவில் உள்ள இடைவெளி மறைத்துச் செய்த உற்பத்தி. இந்த முறையில் 1997இல் சைமன் ஜான்சன், காஃப்மன், ஆந்த்ரேய் ஷ்லெய்ஃபர் மூவரும் வெளியிட்ட பட்டியலில், 1995ஆம் ஆண்டுக்கு ஜார்ஜியாவின் நிழல் பங்கு 62.6 விழுக்காடு, உக்ரைன் 48.9, ரஷ்யா 41.6.

குளிர்நாட்டில் மின்சாரம் எப்படிச் செலவாகிறது என்று யோசித்தாலே இந்த முறையின் ஓட்டை தெரியும். பாதி இயந்திரங்கள் நின்றுபோன ஆலையிலும் விளக்கு எரிய வேண்டும், குழாய் உறையாமல் சூடு ஓட வேண்டும். உற்பத்தி பாதியானால் மின்சாரம் பாதியாகாது. பழைய இயந்திரம் மாற்றப்படாமல் தேயத் தேய அதே பொருளுக்கு இன்னும் அதிக மின்சாரம் தின்னும். நகரத்தின் பொது வெப்பக் குழாய்கள் நின்றுபோன இடங்களில் மின்சாரம் வருகிற நேரத்தில் மக்கள் மின் அடுப்பைப் போட்டுக் குளிர்காய்ந்தார்கள். இந்த முறையின்படி அந்தக் குளிர்காய்தலும் கணக்கில் காட்டாத தொழில். உள்நாட்டுப் போரும் மின்வெட்டும் சேர்ந்து நொறுக்கிய ஜார்ஜியா மறைவான செல்வத்தில் முதலிடம் பெற்றது இப்படித்தான்.

அதே பட்டியலில் உஸ்பெகிஸ்தானின் நிழல் பங்கு 6.5 விழுக்காடு. பட்டியலில் உள்ள முன்னாள் சோவியத் நாடுகளில் எல்லாரிலும் தூய்மையான நாடு! அந்த நாட்டில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் பருத்தி பறிக்க வயலுக்கு ஓட்டிச் சென்றது அரசு. அந்தக் கட்டாய உழைப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதைப் பார்க்க அந்த அளவுகோலுக்குக் கண் கிடையாது. அரசு தன் உற்பத்தி விழவில்லை என்று அறிக்கை கொடுத்தால் போதும், நிழல் மறைந்துவிடும். இப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தின் ஒழுக்கத்தை எடைபோட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த எண்கள் வெறும் எண்களாக நிற்கவில்லை, ஆறுதலாகப் பயன்பட்டன. உற்பத்தி 40 விழுக்காடு சரிந்தது என்று யாராவது சொன்னால், 'அது அரசுக் கணக்கு, மின் நுகர்வைப் பாருங்கள், அவ்வளவு விழவில்லை' என்ற பதில் வந்தது. ஷ்லெய்ஃபரும் டேனியல் ட்ரெய்ஸ்மனும் 2004இல் ரஷ்யாவை 'சாதாரண நாடு' என்று வாதிட்டு எழுதியதிலும் இந்தப் பதில் இருக்கிறது. மறைவான வருமானம் இழப்பை ஈடு செய்திருந்தால், ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே போனது ஏன்? 1980களின் இறுதியில் அது 64, 65 என்று இருந்தது. மது ஒரு பெரிய காரணம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஐந்தாறு ஆண்டுகளில் இத்தனை ஆண்டு ஆயுளை இழந்த சமூகம் ரகசியமாக நன்றாகத்தான் இருந்தது என்று எந்த மனசாட்சியோடு எழுதுவது?

மறுபக்கத்தில் வேறொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் முறைசாராப் பொருளாதாரத்தைத் திட்டுவதில்லை, கொண்டாடுகிறார்கள். பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ தெ சோட்டோ வழிவந்த பார்வை இது. ஏழைகள் பிறவித் தொழில்முனைவோர். அவர்களுக்கு இல்லாதது சொத்துப் பத்திரம். பத்திரத்தைக் கொடுத்தால் அதை ஈடு வைத்துக் கடன் வாங்கித் தொழிலை வளர்ப்பார்கள். இந்த மருந்து ரஷ்யாவில் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. 1991இல் வந்த வீட்டுத் தனியார்மயச் சட்டத்தின்படி அரசுக் குடியிருப்பில் இருந்தவர்கள் அந்த வீட்டைத் தங்கள் பெயருக்கு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். கோடிக்கணக்கான குடும்பங்கள் மாற்றிக்கொண்டன. பத்திரம் கையில் இருந்தது. அதோடு சந்தையில் பையும் தூக்கி நின்றார்கள். வாங்குபவரிடம் சம்பளம் இல்லாத ஊரில் வீட்டை ஈடு வைத்து யார் எதை வளர்ப்பது?

உருளைக்கிழங்கைப் பற்றியும் இதே போன்ற மயக்கம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் ரஷ்யாவின் உருளைக்கிழங்கில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வீட்டுத் தோட்டங்களிலும் புறநகர்த் துண்டு நிலங்களிலும் விளைந்தது. இதைப் பார்த்து, மண்ணோடு உறவு அறாத மக்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள் என்று எழுதினார்கள். சமூகவியலாளர் சைமன் கிளார்க்கின் ஆய்வுகள் சொன்னது வேறு. நகரங்களில் மிக வறியவர்களிடம் பெரும்பாலும் நிலமே இல்லை. நிலம் இருந்தாலும் அங்கே போய்வரப் பேருந்துக் கட்டணமும் விதையும் உடம்பில் வலுவும் வேண்டும். தோட்டம் யாரை மிகவும் காப்பாற்றியிருக்க வேண்டுமோ அவர்களையே அது விட்டுவிட்டது. நான் பேசும் பொருளாதாரம் புகழ்ந்து பாட வேண்டியதல்ல. கூரை என்று ரஷ்யர்கள் அழைத்த பாதுகாப்புக் கப்பத்தை வாங்க அடியாட்கள் வந்தார்கள். வதீம் வோல்கோவ் இந்த வன்முறைத் தொழிலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காவல்துறையும் பாதுகாப்புத் துறையின் ஆட்களும் பின்னால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தைப் பெண்கள் இருவருக்கும் கட்டினார்கள். அவர்கள் வரியே கட்டவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போலந்தைக் காட்டி என்னை மறுப்பவர்கள் உண்டு. வார்சாவின் பத்தாம் ஆண்டு நிறைவு விளையாட்டரங்கில் 1989 முதல் ஐரோப்பாவின் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று நடந்தது. வியட்நாமியரும் உக்ரைனியரும் பெலாரசியரும் அங்கே விற்றார்கள். போலந்துத் தெரு வியாபாரிகளில் பலர் கடை முதலாளிகளாக உயர்ந்தது உண்மை. பண்பாடு நல்லது, அதனால் உயர்ந்தார்கள் என்பது பதில் அல்ல. 1988 டிசம்பரிலேயே தனியார் தொழிலுக்கு வழிவிடும் சட்டம் அங்கே வந்துவிட்டது. வயல்களில் பெரும்பகுதி சோஷலிச காலத்திலும் தனியாரிடமே இருந்தது. 1991இல் கடன் கொடுத்த நாடுகள் போலந்தின் கடனில் பெரும் பகுதியைத் தள்ளுபடி செய்தன. மிக முக்கியமாக, போலந்து அரசு தன் ஓய்வூதியர்களுக்குப் பணம் கொடுத்தது, வேலை இழந்த நடுவயதினரைக்கூட ஓய்வூதியத்தில் ஏற்றிக்கொண்டது. வாங்குபவர் கையில் பணம் இருந்ததால் விற்றவர் வளர்ந்தார். அரசு கைவிடாத இடத்தில் சந்தை ஏணியானது. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் அது பள்ளத்தின் அடியில் விரித்த வலையாகவே நின்றது.

முதலாளித்துவம் முதிர்ந்தால் நிழல் மறையும் என்ற கணிப்புக்கு என்ன நேர்ந்தது? 2001 ஜனவரியில் ரஷ்யா எல்லாருக்கும் 13 விழுக்காடு என்ற ஒரே வருமான வரியைக் கொண்டுவந்தது. வசூல் கூடியது, நிழல் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்று உலகமே பாராட்டியது. 2005இல் சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்களே அலசிப் பார்த்துவிட்டு, வரி கட்டுவது கூடியிருக்கிறது, ஆனால் அது இந்தச் சீர்திருத்தத்தால் வந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். எண்ணெய் விலை ஏறிச் சம்பளம் ஒழுங்காக வந்த ஆண்டுகள் அவை. 2013 ஏப்ரலில் துணைப் பிரதமர் ஓல்கா கொலொதெத்ஸ் ஒரு மாநாட்டில் வெளிப்படையாகச் சொன்னார்: வேலை செய்யும் வயதில் 8.6 கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் 4.8 கோடிப் பேர்தான் அரசுக்குத் தெரிந்த துறைகளில் இருக்கிறார்கள், மற்றவர்கள் எங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை. சோவியத் ஒன்றியம் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 3.8 கோடிப் பேர்.

அவர்களில் சிலரை ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். சோவியத் கால வாகனக் கொட்டகை வரிசைகளுக்குள் கதவை இழுத்து மூடிக்கொண்டு உதிரி பாகம் செய்கிறார்கள், மரச்சாமான் செய்கிறார்கள், கார் பழுதுபார்க்கிறார்கள். வாகன ஆலை நகரமான தோல்யாத்தியில் இது ஒரு முழு உலகம். செர்கேய் செலேயெவும் அலெக்சாண்டர் பாவ்லோவும் 2016இல் இவர்களைப் பற்றி எழுதிய நூல் இருக்கிறது. ஆலை ஆட்குறைப்புச் செய்யும்போதெல்லாம் கொட்டகைகள் ஆட்களை ஏற்றுக்கொள்கின்றன. சோவியத் காலத்தைக் கண்ணால் கண்டிராத இளைஞர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். எந்தப் பழக்கத்தின் எச்சம் அவர்கள்?

பதிவுக்குள் வரவே மாட்டார்கள் என்பதும் பொய். 2013இல் தனிநபர் தொழில் செய்வோரின் கட்டாயக் காப்பீட்டுத் தொகையை ரஷ்ய அரசு இரட்டிப்பாக்கியது. சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் பதிவை ரத்துசெய்துவிட்டு நிழலுக்குத் திரும்பினார்கள். 2019இல் 4 முதல் 6 விழுக்காடு வரியோடு, கைபேசியிலேயே பதிவு செய்துகொள்ளும் சுயதொழில் முறை வந்தது; லட்சக்கணக்கில் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். மக்களின் குணம் இந்த ஆறு ஆண்டுகளில் மாறிவிடவில்லை, நிபந்தனை மாறியது. அந்தப் புதிய முறையையும் முதலாளிகள் பிடித்துக்கொண்டார்கள். நிரந்தர ஊழியரைச் சுயதொழில் செய்பவராகக் காட்டினால் காப்பீடும் விடுப்பும் தர வேண்டியதில்லை. முறைசாராமையை மேலிருந்து உற்பத்தி செய்யும் வேலை இன்றும் நிற்கவில்லை.

பெலாரஸ் இதைவிடக் கொடுமையாக நடந்துகொண்டது. அரசுக்குத் தெரியும்படி ஆண்டில் பாதி நாள் வேலை செய்யாதவர்கள் அபராத வரி கட்ட வேண்டும் என்று 2015இல் ஆணை போட்டது. மக்கள் அதை 'ஒட்டுண்ணி வரி' என்றே அழைத்தார்கள். வேலை இழந்த ஊர்களில் 2017இல் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்த பிறகே அரசு பின்வாங்கியது.

சந்தைகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. வார்சா விளையாட்டரங்கின் இடத்தில் 2012 ஐரோப்பியக் கோப்பைக்காகப் புதிய அரங்கம் எழுந்தது. மாஸ்கோவின் செர்கிசோவ்ஸ்கி சந்தை 2009 ஜூன் இறுதியில் ஒரே நாளில் மூடப்பட்டது. சீன, வியட்நாமிய, மத்திய ஆசிய வியாபாரிகளின் சரக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. கடத்தல், சுகாதாரக் கேடு என்று காரணம் சொன்னார்கள். அத்தனை ஆண்டு அந்த நிலத்துக்கு வாடகை வசூலித்தவர்கள் முறைப்படி பதிவான நிறுவனங்கள்தான்.

அன்று பை தூக்கிய பெண்கள் இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறார்கள். ரஷ்யாவில் 2018இல் பெண்களின் ஓய்வு வயதை 55இலிருந்து 60ஆக உயர்த்தும் சட்டம் வந்தது. 2015இல் வந்த விதிப்படி, வழக்கமான முதியோர் ஓய்வூதியத்துக்குத் தேவையான பதிவான பணிக்காலம் படிப்படியாகக் கூட்டப்பட்டு 15 ஆண்டுகளாகிவிட்டது. அது இல்லாதவர் மேலும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, சமூக ஓய்வூதியம் என்ற சிறு தொகையைப் பெறலாம். 1990களில் சம்பளமே தராத ஆலையின் வேலைப் புத்தகத்தில் பெயர் இருந்தால் அந்த ஆண்டுகள் பணிக்காலமாக எண்ணப்படும். அதே ஆண்டுகளில் இஸ்தான்புல்லிலிருந்து 50 கிலோ தூக்கி வந்து பிள்ளைகளை வளர்த்தவருக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் காலி. போர்க்களத்தில் இருந்த காலத்தையும், கைக்குழந்தையை வளர்த்த காலத்தையும் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கத் தெரிந்த அரசுக்கு 1992 முதல் 1998 வரையிலான சந்தை ஆண்டுகளைச் சேர்க்கவும் ஒரு விதி எழுத முடியும். அந்த விதியை எழுதச் சொல்லும் ஒரு பரிந்துரையும் நிழல் பொருளாதாரத்தைப் பற்றி நான் படித்த நிபுணர் அறிக்கைகளில் இல்லை.